ஆட்ட நேரத்தை டிவி முடிவு செய்கிறது, அரங்குக்குப் போகிற குடும்பம் என்ன செய்யும்?

#1 கடற்கரைச்சாலை (சென்னை)

நீண்ட நாளாக உறுத்துகிற விஷயம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பிரீமியர் லீக் கால்பந்து பார்க்கிற நமக்கு சனிக்கிழமை முதல் ஆட்டம் ரொம்ப வசதி. இங்கிலாந்தில் அது பகல் 12:30. கோடையில் நமக்கு மாலை 5 மணி, அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 6 மணி. வெயில் தணிந்திருக்கும், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடலாம். ஆசியாவில் இத்தனை பேர் பார்ப்பதுதான் அந்த நேரத்தின் மதிப்பைக் கூட்டுகிறது. 2022-25 ஒப்பந்தக் காலத்திலேயே பிரீமியர் லீக்கின் வெளிநாட்டு ஒளிபரப்பு வருமானம் உள்நாட்டு வருமானத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே இந்த விவகாரத்தில் நாமும் ஒரு தரப்பு. நமக்கு மாலை 5 மணி வசதியாக இருக்க, நியூகாசிலிலிருந்து ஒருவர் தன் மகளை விடிவதற்கு முன் எழுப்பிப் பேருந்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சீசன் அட்டவணை ஜூன் மாதம் வரும். பெரும்பாலான ஆட்டங்களுக்கு எதிரே சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்று போட்டிருக்கும். அதை யாரும் நம்ப முடியாது. பிறகு ஒளிபரப்பு நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைப் பொறுக்கி எடுக்கும். அவை வெள்ளி இரவு, சனி பகல், சனி மாலை, சனி இரவு, ஞாயிறு, திங்கள் இரவு என்று சிதறும். 1992இல் பிரீமியர் லீக் பிறந்தபோதே திங்கள் இரவு வந்துவிட்டது. வெள்ளி இரவு 2016இல் வந்தது, சனி இரவு 2019இல். 2025-26இல் தொடங்கிய 4 வருட ஒப்பந்தம் 670 கோடி பவுண்டு. ஒரு சீசனின் 380 ஆட்டங்களில் குறைந்தது 267 நேரலை. இங்கிலாந்துக்குள் சனிக்கிழமை 2:45 முதல் 5:15 வரை எந்த ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டக்கூடாது என்ற பழைய தடை இன்னும் இருக்கிறது. 1960களில் பர்ன்லி அணியின் தலைவர் பாப் லார்ட் முன்னின்று கொண்டுவந்தது. சிறிய அணிகளின் அரங்குகள் காலியாகிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். அந்தத் தடை இருப்பதால், நேரலையில் காட்ட வேண்டிய எதையும் 3 மணியிலிருந்து நகர்த்தியே ஆக வேண்டும்.

பிரச்சினை நகர்த்துவது மட்டும் இல்லை, எப்போது சொல்கிறார்கள் என்பது. இங்கிலாந்தில் மலிவு ரயில் டிக்கெட் பொதுவாக 12 வாரம் முன்பே விற்பனைக்கு வரும். ஆட்ட நேர மாற்றம் தெரிவதோ சுமார் 6 வாரம் முன்னால். முன்பே வாங்கினால் பணம் போகும், காத்திருந்தால் விலை ஏறும்.

2025 டிசம்பர் 26ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குடும்பம் குடும்பமாக அரங்குக்குப் போவது அங்கே தலைமுறைகளாக வரும் பழக்கம். அன்றைக்கு பிரீமியர் லீக்கில் ஒரே ஒரு ஆட்டம்தான் இருந்தது. மான்செஸ்டர் யுனைடெட், நியூகாசில், இரவு 8 மணி. அந்த நாளில் நாட்டின் பெரும்பாலான ரயில்கள் ஓடாது. நியூகாசிலிலிருந்து மான்செஸ்டர் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். கார் இல்லாத குடும்பம் என்ன செய்திருக்கும்?

இங்கே அரங்குக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும்.

#2 கணக்குச்சுவடி (கோவை)

அண்ணா, மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுகிறேன். வெளியூர் ரசிகர்களுக்கு பிரீமியர் லீக் விதிப்படி ஒதுக்குவது 3,000 இடம், அல்லது அரங்கில் பத்தில் ஒரு பங்கு, எது குறைவோ அது. டிவியில் பார்க்கிறவர்கள் கோடிக்கணக்கில். யாருடைய வசதிக்கு நேரம் வைப்பார்கள்?

இன்னொன்று. 2016-17 முதல் வெளியூர் ரசிகருக்கான டிக்கெட் விலைக்கு 30 பவுண்டு உச்சவரம்பு இருக்கிறது. கிளப்புகள் அதற்கு ஒத்துக்கொள்ள முடிந்தது டிவி பணம் இருப்பதால்தான். இளைஞர் பயிற்சி, புதிய அரங்குகள், பெண்கள் அணி எல்லாம் அதே பணத்தில்தான் நடக்கின்றன. பணமும் வேண்டும், 3 மணியும் வேண்டும் என்றால் அது நடக்கிற காரியமா? எனக்கு அந்த ரசிகர்கள் மேல் வருத்தம் உண்டு. ஆனால் கணக்கு வேறு மாதிரி நிற்கிறது.

#3 வெம்ப்ளிவாசி (லண்டன்)

தம்பி கணக்குச்சுவடி, உங்கள் கணக்கில் எங்கள் வீட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மகனுக்குப் பதினொரு வயது, உதைபந்தாட்டம் என்றால் உயிர். எந்தக் கழகம் என்று இங்கே எழுதவில்லை. சொந்த அரங்கில் நடக்கும் ஆட்டங்களுக்கு அவரும் தகப்பனும் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார்கள், வருடத்தில் சில வெளியூர் ஆட்டங்களுக்கும் போவார்கள். சனிக்கிழமை காலையில் பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அது ஒரு மணிக்கு முடியும். வாசலிலேயே தகப்பன் காத்து நின்று, காருக்குள்ளேயே சாப்பாட்டைக் குடுத்து, 3 மணி ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். தமிழும் பந்தும் ஒரே நாளில் சண்டையில்லாமல் நடந்தது. இப்போது 12:30 ஆட்டம் வரும் வாரமெல்லாம் அன்றைய வகுப்பு போய்விடும். ஆண்டிறுதிச் சோதனை நேரத்தில் அப்படி வந்தபோது டீச்சரிடம் போய் நின்றவள் நான்தான்.

வெளியூர் ஆட்டம் இன்னும் மோசம். போன சீசனில் வடக்கே ஒரு ஆட்டம், அட்டவணையில் சனிக்கிழமை 3 மணி. மலிவாகக் கிடைத்ததே என்று இரண்டு பேருக்கும் போக வர ரயில் டிக்கெட் எடுத்துவிட்டோம். பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆட்டம் திங்கட்கிழமை இரவு 8 மணிக்கு மாறியிருக்கிறதாம். ரயில்காரர்கள் அந்த வகை டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தர முடியாது, கட்டணம் கட்டி நாளை மாற்றலாம் என்றார்கள். மாற்றலாம் என்று பார்த்தால், திங்கள் இரவு ஆட்டம் முடிந்து லண்டன் வருவதற்கு ரயிலே இல்லை. தகப்பனுக்குச் செவ்வாய் அதிகாலை வேலை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஆட்ட டிக்கெட்டை வேறு ஒருவருக்குக் குடுத்துவிட்டோம், ரயில் காசு போனது போனதுதான். அந்த இரவு பிள்ளை அதே ஆட்டத்தை வீட்டில் டிவியில் பார்த்தார். அந்தச் சந்தாவுக்கும் மாதாமாதம் நாங்கள்தான் காசு கட்டுகிறோம்.

ஞாயிறு மாலை 4:30 ஆட்டம் என்றால் போகலாம் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் தண்டவாள வேலை செய்வார்கள். ஒருமுறை திரும்பி வரும்போது மில்டன் கீன்ஸில் எல்லோரையும் இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். மழை. வரிசையில் ஒரு வயசான அப்பு, ஊன்றுகோலோடு, கழகத்தின் கழுத்துத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றாராம். இருபது வயதுப் பொடியன்களோடு முண்டியடிக்க அவரால் முடியவில்லை. என் கணவர்தான் கையைப் பிடித்து முன்னுக்கு ஏற்றிவிட்டார். வீடு வந்து சேர்ந்தது ஒரு மணி தாண்டி. காலையில் பிள்ளையை எழுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூவாயிரம் பேர்தானே என்கிறீர்கள். அந்த மூவாயிரம் பேர் பாடாவிட்டால் டிவியில் நீங்கள் கேட்கும் சத்தத்தில் பாதி இருக்காது.

#4 கடற்கரைச்சாலை (சென்னை)

அக்கா, இதைத்தான் கேட்க விரும்பினேன். நன்றி.

நீங்கள் வெம்ப்ளியில் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். 2022இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி நினைவிருக்கிறதா? மான்செஸ்டர் சிட்டியும் லிவர்பூலும். ஈஸ்டர் வார இறுதி. ரயில்பாதை வேலை காரணமாக அந்த இரண்டு நகரங்களிலிருந்தும் லண்டனுக்கு நேரடி ரயில் கிடையாது என்பது முன்பே தெரியும். அரையிறுதியை லண்டன் வெம்ப்ளி அரங்கில்தான் நடத்துவோம் என்று நின்றார்கள். கடைசியில் 100 இலவசப் பேருந்து விட்டார்கள். வடமேற்கில் இருக்கிற இரண்டு ஊர்க்காரர்கள் தெற்கே இறங்கி வந்து ஆட வேண்டும், அதற்கும் வழி ரசிகனே தேட வேண்டும் என்பது எந்த நியாயம்?

#5 வெம்ப்ளிவாசி (லண்டன்)

ஓம், அன்றைக்கு இங்கே நாள் முழுக்க வடக்கிலிருந்து பஸ்ஸாக வந்துகொண்டிருந்தது. 100 பஸ் என்றால் ஏறக்குறைய 5,000 பேர். அரங்கோ 90,000 பேர் இருக்கும் இடம்.

#6 ரூர்க்கரை (டோர்ட்முண்ட்)

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். கணக்குச்சுவடி சொல்வதுபோல் கணக்கு மாறவே மாறாது என்பதில்லை. இங்கே மாறியது.

2017-18 சீசனில் இங்கே முதல் பிரிவான புண்டஸ்லீகாவில் திங்கட்கிழமை ஆட்டங்களைக் கொண்டுவந்தார்கள். சீசனுக்கு ஐந்துதான். வியாழக்கிழமை ஐரோப்பியக் கோப்பையில் ஆடும் அணிகளுக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஐந்துதானே என்று இங்கே யாரும் விடவில்லை. ஐந்தை விட்டால் அது பத்தாகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

2018 பிப்ரவரி 19, ஃபிராங்க்ஃபர்ட்டும் லைப்ட்சிக்கும். தொடக்கத்திலேயே ரசிகர்கள் இருக்கையை விட்டு இறங்கி வந்து கோல் வலைக்குப் பின்னால் நின்றார்கள். இடைவேளைக்குப் பிறகு நூற்றுக்கணக்கான டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்தார்கள், இரண்டாம் பாதி தாமதமாகத்தான் தொடங்கியது. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 26, எங்கள் ஊரில் டோர்ட்முண்டும் ஆக்ஸ்பர்க்கும். கடுங்குளிர். எங்கள் அரங்கின் தெற்குப் பகுதியில் நின்று பார்க்க 25,000 பேருக்கு இடம், ஐரோப்பாவிலேயே பெரியது. அந்த இரவு அது பெரும்பாலும் வெறுமை. வழக்கமாக 80,000 பேர் அளவில் நிறையும் அரங்குக்கு 54,300 பேர்தான் வந்தார்கள். மஞ்சள் சுவர் என்று உலகமே டிவியில் பார்க்க ஆசைப்படும் அந்த இடத்தில் கான்கிரீட் படிகள் தெரிந்தன. நானும் அன்றைக்குப் போகவில்லை. அரங்கின் ஆரவாரம் கேட்கும் தூரத்தில்தான் வீடு, அன்று அதுவும் இல்லை.

அதே 2018 நவம்பரில், அடுத்த ஒப்பந்தம் முதல் திங்கள் ஆட்டம் கிடையாது என்று லீக்கும் கிளப்புகளும் முடிவெடுத்தன. 2021 முதல் எடுத்தே விட்டார்கள். இரண்டாம் பிரிவில் பல வருடங்களாக இருந்த திங்கள் ஆட்டமும் அத்தோடு போனது.

இங்கே அது முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து கேட்டால் தலைவர் பதில் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் அந்தப் பிடி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பல கிளப்புகளில் ஆட்ட டிக்கெட்டைக் காட்டினாலே அன்றைக்கு உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாம் ஏறலாம். மகளோடு போகும்போது வேறு டிக்கெட் எடுக்க வேண்டிய வேலையே இல்லை. ரசிகன் வீட்டுக்கு எப்படிப் போவான் என்பதும் ஆட்டத்தை நடத்துகிறவர்களின் பொறுப்பு என்று இங்கே வைத்திருக்கிறார்கள்.

#7 கணக்குச்சுவடி (கோவை)

ரூர்க்கரை அண்ணா, நல்ல தகவல். ஆனால் ஜெர்மன் லீக்கின் டிவி வருமானம் இங்கிலாந்தைவிட எவ்வளவோ குறைவு. அந்த வித்தியாசத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்து ரசிகர்கள் ஏற்பார்களா? தங்கள் அணி நல்ல வீரரை வாங்கவில்லை என்றால் முதலில் கோபப்படுவதும் அதே ரசிகர்கள்தான்.

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. ரயில் காசு விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒளிபரப்புக்காக நேரத்தை மாற்றினால், அதனால் வீணாகும் பயணச் செலவை லீக் திருப்பித் தரட்டும். 670 கோடியில் அது பெரிய தொகையாக இருக்காது. நேரத்தை மாற்றாதே என்று கேட்பதைவிட, மாற்றினால் அதற்கான செலவை ஏற்றுக்கொள் என்று கேட்பது நடக்கக்கூடியது.

#8 வியாசை_விங்கர் (சென்னை)

எல்லாரும் ஐரோப்பா பற்றியே எழுதுகிறீர்கள். நம்ம ஊர் அரங்கைப் பற்றி நான் சொல்கிறேன்.

நான் வியாசர்பாடி. இங்கே தெருவுக்கு நாலு பேராவது பந்து ஆடுவார்கள். 2014இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கியதிலிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். 2015இலும் 2017-18இலும் நம்ம அணி ‘சென்னையின் எஃப்.சி.’ கோப்பை வென்றது. அந்தக் காலத்தில் ஸ்டேடியத்தில் இருந்த கூட்டம் வேறு.

2023-24இல் முக்கிய ஆட்டங்களை இரவு 8 மணிக்குத் தள்ளினார்கள். வாரநாளிலும்தான். ஆட்டம் முடியும்போது 10 மணி ஆகிவிடும். எனக்குப் பிரச்சினை இல்லை, வீடு பக்கம். ஆனால் என்னோடு வருகிற அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, மறுநாள் காலை அவருக்கு மார்க்கெட் வேலை. பள்ளிப் பையன்களோ, எட்டாவது படிக்கிற நல்ல டிஃபெண்டர் ஒருத்தன், அவன் அம்மா எட்டு மணி ஆட்டத்துக்கு விடவே மாட்டார்கள். அவர் சொல்வது சரிதான். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள் எண்பதாவது நிமிஷத்திலேயே எழுந்து சென்ட்ரலுக்கு ஓடுவார்கள். பத்து மணிக்கு மேல் மின்சார ரயிலின் இடைவெளி கூடிவிடும். சமனில் இருக்கும் ஆட்டத்தை அப்படி விட்டுப் போகிறவன் முகத்தைப் பாருங்கள்.

2024-25இல் 5 மணி, 7:30 என்று வைத்தார்கள், கொஞ்சம் பரவாயில்லை. வார இறுதியில் 5 மணி ஆட்டம் வந்தால் ஸ்டாண்டில் சின்னப் பிள்ளைகள் தெரிவார்கள். முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு, அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு. எட்டு மணி ஆட்டத்தில் என்னைப் போன்ற தடிப் பசங்கள்தான்.

கொச்சியில் ஆட்ட நாளில் வழக்கமான நேரத்தைத் தாண்டியும் மெட்ரோ ஓட்டியிருக்கிறார்கள். ஸ்டேடியம் வாசலிலேயே நிலையம். இங்கே மெட்ரோ 11 மணி வரை இருக்கிறது, ஆனால் அது போகாத ஊர்க்காரர்கள்தானே அதிகம்?

#9 சாரதா_அம்பத்தூர் (சென்னை)

நான் இந்தக் குழுவில் எழுதுவதில்லை, என் வீட்டுக்காரர்தான் எழுதுவார். அவர் இந்த இழையைக் காட்டினார். குடும்பம் என்று தலைப்பில் இருப்பதால் எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் குளிர்காலம் என்றால் அங்கே நடக்கிற சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் நமக்கு இரவு 1:30க்குத் தொடங்குகிறது. செவ்வாய், புதன். முடியும்போது மூன்றரை. அவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார், காலை எட்டரைக்கு மெஷின் முன்னால் நிற்க வேண்டும். சுற்றுகிற சக்கில் கை இருக்கிறது, கண் சொருகுகிறது. ஒரு நாள் கட்டைவிரல் நகம் பிய்ந்து வந்தார். தூக்கக் கலக்கத்தில் என்று அவரே சொன்னார்.

நான் பந்தாட்டத்துக்கு எதிரி இல்லை. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் பார்த்தோம், இரவு 8:30, என் மாமியார்கூட விழித்திருந்து பெனால்டி பார்த்தார். பிள்ளைகளோடு பார்க்கிற ஆட்டம் ஒரு மாதிரி, இருட்டில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருத்தர் தனியாகப் பார்ப்பது ஒரு மாதிரி. இப்போது நாக்அவுட் ஆட்டம் மட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட வேண்டும். அது சம்பளத்தில் பிடிப்பு. அதையும் சேர்த்துத்தான் செலவு.

லண்டன் அக்கா எழுதியதில் அந்தப் பெரியவரை கைப்பிடித்து ஏற்றியதைப் படித்தேன். உங்கள் வீட்டுக்காரர் நன்றாக இருக்கட்டும்.

#10 கடற்கரைச்சாலை (சென்னை)

சகோதரி, எழுதியதற்கு நன்றி. சாம்பியன்ஸ் லீக் அங்கே வாரநாள் இரவு நடப்பதால் நமக்கு நள்ளிரவு. அதை மாற்றச் சொல்லிக் கேட்பது நியாயமாகாது, ஐரோப்பாவில் வேலை முடிந்து அரங்குக்கு வருகிறவர்களுக்கு அந்த நேரம்தான் சரி. அண்ணனின் கைதான் முக்கியம். மறுநாள் முழு ஆட்டமும் மறு ஒளிபரப்பில் கிடைக்கும், ஸ்கோர் தெரியாமல் பார்க்கலாம். இங்கே யாரும் மாலை வரை முடிவைச் சொல்லாமல் இருக்க ஒரு தனி இழை வைக்கலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் நமக்காக அங்கே நேரத்தை மாற்றுவதும் நடக்கிறது. 2017 டிசம்பர் 23, ரியல் மாட்ரிட், பார்சிலோனா ஆட்டம் ஸ்பெயினில் பகல் 1 மணிக்கு வைத்தார்கள். நமக்கு மாலை 5:30. ஆசியப் பார்வையாளர்களுக்காகத்தான் என்று ஒளிக்காமலே சொன்னார்கள். இத்தாலியில் 2010 முதல் ஞாயிறு 12:30 ஆட்டம் இருக்கிறது. ஞாயிறு மதியம் மூன்று தலைமுறையும் ஒரு மேஜையில் உட்காரும் நாடு அது. தாத்தா வீட்டில் சாப்பாடா அரங்கா என்று ஒரு பையன் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது நம் மாலை வசதிக்காகவும்தான்.

#11 பழைய_கோலி (திருச்சி)

1986 மெக்சிகோ உலகக் கோப்பையிலேயே இது ஆரம்பித்துவிட்டது, தம்பிகளா. ஐரோப்பாவில் இரவு எட்டு மணிக்குக் குடும்பம் டிவி முன் உட்காரும் என்பதற்காக, மெக்சிகோவில் நட்டநடுப் பகல் 12 மணிக்கு ஆட்டம். அஸ்டெக்கா மைதானம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரம், மூச்சே திணறும், மேலே ஜூன் மாத வெயில். மரடோனாவும் வால்டானோவும் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். கேட்க ஆளில்லை. இறுதி ஆட்டமும் பகல் 12 மணிதான். நாங்கள் இங்கே இரவு பதினொன்றரைக்கு தூர்தர்ஷனில் பார்த்தோம், தெருவில் டிவி இருந்த வீட்டுத் திண்ணையில். ஆடியவர்களுக்கே அந்தக் கதி என்றால் ரசிகனை யார் கேட்பார்கள் என்றுதான் அன்றைக்கு என் அண்ணன் சொன்னார்.

#12 லெஸ்டர்_அப்பா (இங்கிலாந்து)

பெண்கள் ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. என் மகளுக்கு ஒன்பது வயது, உள்ளூர்ச் சிறுமியர் அணியில் வலது ஓரம் ஆடுகிறாள். இங்கே சிறுமியர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு காலையில். 2025-26 முதல் புதிய ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் பெண்கள் சூப்பர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு பகல் 12 மணிக்கு வந்துவிட்டன. டிவியில் ஆண்கள் ஆட்டத்தோடு மோதாத நேரம், நிறையப் பேர் பார்ப்பார்கள் என்பது காரணம். அது எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்த லீக்கின் அரங்குகளை நிரப்பியது யார்? பந்து ஆடுகிற சிறுமிகளும் அவர்களைக் கூட்டி வருகிற நாங்களும்தான். பதினொன்றரைக்கு என் மகள் சேற்றுக் காலோடு மைதானத்திலிருந்து வெளியே வருகிறாள். பன்னிரண்டு மணிக்கு அவளுக்குப் பிடித்த வீராங்கனை இன்னொரு இடத்தில் ஆடத் தொடங்குகிறார். காரில் சாக்ஸ் மாற்றிக்கொண்டே, “அப்பா, பாதியாவது பார்க்கலாமா?” என்று கேட்பாள். இடைவேளைக்கு உள்ளே நுழைந்திருக்கிறோம். பல வாரம் போவதில்லை. பெண்கள் ஆட்டம் டிவியில் வருவது எனக்கு மகிழ்ச்சி. நேரத்தை மட்டும், அரங்குக்கு வருகிறவர்களிடமும் கேட்டு வைத்திருக்கலாம்.

#13 கணக்குச்சுவடி (கோவை)

லெஸ்டர் அண்ணா சொன்னது யோசிக்க வைக்கிறது. டிவிக்கு வேண்டியது ஆட்டம் மட்டும் இல்லை, நிறைந்த அரங்கும்தான். காலி இருக்கை தெரிந்தால் பார்க்கிறவனுக்கும் சுவாரசியம் குறைகிறது. டோர்ட்முண்டில் அந்தத் திங்கள் இரவு நடந்தது அதுதான். இந்த இடத்தில் கணக்கு எனக்கு எதிராகத்தான் நிற்கிறது.

இருந்தாலும் ஆட்டங்களை எல்லாம் 3 மணிக்கே திருப்பு என்பதை என்னால் ஏற்க முடியாது. அப்படிச் செய்தால் நாம் யாரும் ஒன்றுக்கு மேல் பார்க்க முடியாது, அங்கே வீட்டில் இருக்கும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் எதையுமே பார்க்க முடியாது. அரங்குக்குப் போக முடியாதவர்களும் ரசிகர்கள்தானே.

#14 கடற்கரைச்சாலை (சென்னை)

நானும் எல்லாவற்றையும் திருப்பச் சொல்லவில்லை. முன்பே சொல்லுங்கள், ரயில் இருக்கிறதா என்று பார்த்து நேரம் வையுங்கள் என்பதுதான். முடியாது என்பார்கள். முடியும் என்பதற்கு இங்கிலாந்திலேயே சாட்சி இருக்கிறது. பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளை நடத்தும் இ.எஃப்.எல். 2024-25 முதல் புதிய ஒப்பந்தத்தில் இருக்கிறது. 5 வருடத்துக்கு 93.5 கோடி பவுண்டு, சீசனுக்கு 1,000க்கும் மேற்பட்ட நேரலை. அவர்கள் ஜனவரித் தொடக்கம் வரையான ஒளிபரப்புத் தேர்வுகளை சீசன் ஆரம்பிக்கும் முன்பே அறிவித்துவிடுகிறார்கள். அங்கேயும் குறைகள் உண்டு. 2024-25இல் பிளிமத்தும் சண்டர்லாந்தும் அங்கே ஒரே பிரிவில் ஆடின, இரண்டு ஊருக்கும் இடையே 600 கிலோமீட்டருக்கு மேல், அந்த மாதிரி ஆட்டத்தைப் பகல் 12:30க்கு வைத்தால் முதல்நாள் இரவே கிளம்ப வேண்டும். ஆனால் மலிவு ரயில் டிக்கெட் விற்பனைக்கு வரும்போது அவர்களுக்கு நேரம் தெரிந்திருக்கிறது. கீழே முடிந்தது மேலே ஏன் முடியாது?

2023 டிசம்பர் 24 ஞாயிறு, வுல்வ்ஸ், செல்சி ஆட்டத்தைப் பகல் 1 மணிக்கு வைத்தார்கள். 1995க்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் பிரீமியர் லீக் ஆட்டம் நடந்தது அதுதான் முதல்முறை. ரசிகர் அமைப்புகள் எவ்வளவோ எதிர்த்தும் நடந்தது. நாம் அதை சாயங்காலம் 6:30க்கு உட்கார்ந்து பார்த்தோம். ஒரு வார்த்தை எதிர்த்து எழுதியிருக்கலாம், யாரும் எழுதவில்லை. வெளிநாட்டுப் பார்வையாளருக்காக என்று சொல்லித்தானே நேரத்தை வைக்கிறார்கள்? அந்தப் பார்வையாளர்களே எங்களுக்கு இந்த நேரம் வேண்டாம் என்று சொன்னால் கொஞ்சமாவது காதில் விழாதா?

அக்கா, உங்கள் கழகத்தின் ரசிகர் சங்கத்துக்கு நாங்கள் ஒரு கடிதம் எழுதினால் பயன்படுமா? மூன்று விஷயம் போட்டிருக்கிறேன். நேர மாற்றத்தை 12 வாரம் முன்பே அறிவிக்க வேண்டும். மாற்றத்தால் வீணாகும் ரயில் டிக்கெட்டுக்கு ஈடு தர வேண்டும், இது கணக்குச்சுவடியின் யோசனை. வெளியூர் ரசிகர் திரும்பிப் போக ரயில் இல்லாத நேரத்தில், 300 கிலோமீட்டருக்கு மேல் தூரமுள்ள ஆட்டங்களை வைக்கக்கூடாது.

#15 வியாசை_விங்கர் (சென்னை)

அண்ணா, அதே கடிதத்தில் பெயரை மாற்றி ஐ.எஸ்.எல்.லுக்கும் ஒன்று அனுப்புவோம். வாரநாள் 8 மணி மறுபடி வேண்டாம், சனி ஞாயிறு 5 மணி அதிகம் வேண்டும். எங்கள் ஏரியாவில் கையெழுத்து வாங்க நான் பொறுப்பு. அந்த எட்டாவது படிக்கிறவனின் அம்மாவிடம்தான் முதல் கையெழுத்து.

#16 வெம்ப்ளிவாசி (லண்டன்)

தம்பி, கட்டாயம் அனுப்புங்கள். இங்கே ரசிகர் சங்கம் கழகத்தோடு பேசும்போது, வெளிநாட்டில் பார்ப்பவர்களுக்கு இந்த நேரம்தான் வேண்டும் என்ற பதில்தான் அடிக்கடி வரும். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஒரு கடிதம் மேசையில் கிடந்தால் அந்தப் பதிலைச் சொல்வது அவ்வளவு சுகமாக இராது.

மூன்றாவது விஷயத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதுங்கள். தூரத்தைப் போடாதீர்கள். குறுக்கே போகும் பாதையில் 150 கிலோமீட்டருக்கே மூன்று ரயில் மாற வேண்டிய ஊர்கள் இங்கே இருக்கின்றன. நேர மாற்றத்தை அறிவிக்கும்போதே, ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பும் ரயில் அல்லது பஸ் எது என்பதையும் சேர்த்து அறிவிக்க வேண்டும், அப்படி ஒன்று இல்லை என்றால் லீக் தன் செலவில் பஸ் விட வேண்டும் என்று எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கும் அதில் முதலிடம் என்றும் சேருங்கள்.

இங்கே சங்கக் கூட்டம் அடுத்த வியாழக்கிழமை. அதற்கு முன் ஆங்கிலப் பிரதியை இந்த இழையிலேயே போட்டுவிடுங்கள், என் கணவர் அச்செடுத்துக் கொண்டுபோவார். என்ன சொன்னார்கள் என்று வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.